மேஷத்துக்கு ஏழரை போன வருஷமே தொடங்கிவிட்டதா, மார்ச் 6-ல்தானா?

கொருக்குப்பேட்டை கேட் | 2026 பிப்ரவரி 18, இரவு 9.20

தம்பிக்கு மேஷ ராசி, பரணி. 1992-ல் பிறந்தவன். எம்.சி. ரோட்டில் ஒரு ரெடிமேட் கடையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது அங்கேயே ஒரு சந்துக்குள் சொந்தமாகச் சின்னக் கடை பார்த்திருக்கிறான். ஓனர் மார்ச் 10-க்குள் அட்வான்ஸ் கேட்கிறார்.

அம்மா தெருவில் வழக்கமாகப் பார்க்கும் ஜோசியரிடம் போனார். மார்ச் 6 சனிப்பெயர்ச்சி, மேஷத்துக்கு ஏழரை வருஷச் சனி ஆரம்பம், அதற்கு முன்னாடியே பணத்தைக் கட்டிவிடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். தம்பி செல்போனில் ஒரு ஜாதகச் செயலி வைத்திருக்கிறான். அதில் 2025 மார்ச் 29-லேயே சனி மீனத்துக்குப் போயாச்சு, ஏழரை தொடங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது என்று இருக்கிறது. வீட்டில் ரெண்டு நாளாக இதே பேச்சு. ஒரே சனி, ரெண்டு தேதி. எது சரி?

வாக்கியமே வாக்கு | பிப்ரவரி 18, இரவு 10.05

அம்மா, ரெண்டு தேதியும் பஞ்சாங்கத்தில் உள்ளதுதான். உங்கள் ஜோசியர் சொன்னது பழைய சூத்திரக் கணக்கில் போகும் வாக்கியப் பஞ்சாங்கம், செயலி சொல்வது கிரகம் வானத்தில் நிற்கும் இடத்தை வைத்துக் கணிக்கும் திருக்கணிதம். திருநள்ளாறு கோவிலில் வாக்கியப்படிதான் பெயர்ச்சி. போன வருஷம் மார்ச்சில் ஊரே குழம்பியபோது, பெயர்ச்சி 2026-ல்தான் என்று கோவிலிலிருந்தே விளக்கம் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய கும்பப் பெயர்ச்சியும் இப்படித்தான்: திருக்கணிதத்தில் 2023 ஜனவரி 17, திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20.

நாங்கள் திருவொற்றியூரில் மூன்று தலைமுறையாக ஜாதகம் கணிக்கிறோம், வாக்கியத்தை விட்டதில்லை. என் கணக்கில் தம்பிக்கு மார்ச் 6-ல்தான் ஏழரையின் முதல் கட்டமான விரயச் சனி தொடக்கம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். 34 வயது என்றால் இது அவருக்கு இரண்டாவது சுற்று. முதல் சுற்று தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கி, பள்ளிக்கூட வயசிலேயே முடிந்திருக்கும். அது மங்கு சனி, இது பொங்கு சனி. பொங்கு சனியில் கடை வைத்து, வீடு கட்டி நிமிர்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பயப்பட எதுவும் இல்லை. பரணி எந்தப் பாதம்?

மொட்டைமாடி | பிப்ரவரி 18, இரவு 11.30

எந்தத் தேதி சரி என்பதை ஜோசியரைக் கேட்காமலே பார்த்துவிடலாம். சனி கண்ணுக்குத் தெரிகிற கிரகம்.

வியாசர்பாடியில் எங்கள் மாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். மார்ச் 6 அன்று, நட்சத்திரங்களை வைத்து அளந்தால், சனி மீன ராசிக்குள் கிட்டத்தட்ட 8 டிகிரி போயிருக்கும். நிலாவின் அகலம் அரை டிகிரி. அதாவது 16 நிலாவை வரிசையாக வைத்த தூரம். அன்றைக்குத்தான் சனி மீனத்தின் வாசலில் கால் வைக்கிறது என்று வாக்கியம் சொல்கிறது. பழைய கணக்கில் உள்ள சின்னப் பிசகு நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து இவ்வளவு ஆகியிருக்கிறது. சனி சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 29 வருஷம் 5 மாதம் ஆகிறது, ஒரு ராசிக்கு இரண்டரை வருஷம். அவ்வளவு மெதுவான கிரகத்துக்கு 8 டிகிரி என்றால் கிட்டத்தட்ட எட்டு மாதம்.

இன்னொரு வேடிக்கை. போன வருஷம் திருக்கணிதப் பெயர்ச்சிக்கு சில நாள் முன்னால், மார்ச் 23-ல், சனியின் வளையம் பூமியிலிருந்து பார்க்க விளிம்பு மட்டும் தெரியும்படி திரும்பியது. சுமார் 15 வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது. அதற்கு ஏன் யாரும் பலன் எழுதவில்லை என்று தெரியவில்லை, எழுதியிருந்தால் ஜோராக இருந்திருக்கும்.

எம்.சி. ரோடு மொத்த வியாபாரம் | பிப்ரவரி 19, காலை 8.10

தங்கச்சி, பெயர்ச்சியை விடுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு அக்ரிமென்ட்? சந்துக்குள் கடை என்றால் கரண்ட் மீட்டர் தனியா, பொதுவா? அதைக் கேட்காமல் சனியைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சனி மீனத்தில் இருந்தால் கும்பம், மீனம், மேஷம் மூன்றுக்கும் ஏழரை. சிம்மத்துக்கு அஷ்டமச் சனி. தனுசுக்கு அர்த்தாஷ்டமம். கன்னிக்குக் கண்டகம். மொத்தம் ஆறு ராசி. பன்னிரண்டில் பாதி! எந்த வருஷம் பார்த்தாலும் இதே கணக்குத்தான், ராசிதான் மாறும். இவ்வளவு பேருக்கும் நேரம் சரியில்லை என்றால், எங்கள் ரோட்டில் ஒரு பக்கக் கடைகள் முழுக்க ஷட்டர் போட்டிருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள், நடக்க இடம் இருக்காது.

வாக்கியமே வாக்கு | பிப்ரவரி 19, காலை 9.45

கடைக்காரத் தம்பி, கணக்கு சரிதான், அர்த்தம்தான் தப்பு. கோசாரம், அதாவது கிரகம் இன்றைக்கு இருக்கும் ராசியை வைத்துப் பார்ப்பது, மேலோட்டம். அதை மட்டும் வைத்து யாருக்கும் பலன் சொல்லக்கூடாது. ஜாதகத்தில் சனி எங்கே இருக்கிறார், இப்போது என்ன திசை, என்ன புத்தி, எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தம்பி பரணியின் தொடக்கத்தில் பிறந்திருந்தால் இப்போது சந்திர திசை ஓடும். கடைசிப் பாதம் என்றால் சுக்கிரன், சூரியன், சந்திரன், செவ்வாய் எல்லாம் முடிந்து ராகுவில் இருப்பார். ரெண்டுக்கும் ஒரே பலனா? அதனால்தான் பாதம் கேட்டேன்.

ராசி பலனை டிவியில் பன்னிரண்டு நிமிஷத்தில் பன்னிரண்டு ராசிக்கும் படிக்கிறார்களே, அதற்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை.

மொட்டைமாடி சாருக்கு: வாக்கியம் கண்ணால் பார்க்கிற இடத்தைச் சொல்வதற்காக வைத்திருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. விரதம், திதி, திருவிழா, பெயர்ச்சி எல்லாம் ரிஷிகள் கொடுத்த கணக்கில் நடக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். எங்கள் ஊர் தியாகராஜர் கோவிலில் 27 நட்சத்திரத்துக்கும் தனித்தனி லிங்கம் இருக்கிறது. அங்கே விளக்கேற்றுகிறவர், அந்த நட்சத்திரம் இப்போது வானத்தில் எங்கே என்று பார்த்துவிட்டா ஏற்றுகிறார்?

பழைய பேப்பர் | பிப்ரவரி 19, மாலை 4.20

ஐயா, அந்தக் கணக்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1825-ல் நடந்தது ஒன்று. ஜான் வாரன் என்பவர், முன்னால் சென்னை வானாய்வுக்கூடத்தைப் பொறுப்பாகப் பார்த்தவர். புதுச்சேரியில் இருந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரிடம், அந்த வருஷம் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். அவர் காகிதமோ எழுத்தாணியோ எடுக்கவில்லை. தரையில் சோழிகளை வைத்து நகர்த்திக்கொண்டே, அட்டவணை முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லிக் கணக்கை முடித்துவிட்டார். கிரகணம் பிடிக்கும் நேரம் சில நிமிஷம்தான் தள்ளிப்போனது. விடும் நேரம்தான் முக்கால் மணிக்கு மேல் பிசகியது.

அந்த மனப்பாடம்தான் வாக்கியம். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம், ஒரு நாளைக்கு ஒன்று. ஏன் 248 என்றால், சந்திரன் பூமிக்கு மிக அருகே வந்து மறுபடி அதே நிலைக்கு வர சுமார் 27.55 நாள். ஒன்பது தடவை வந்தால் 248 நாள், ஏறத்தாழ முழு எண். இதைக் கண்டுபிடித்தவர்கள் வானத்தைப் பார்க்காமலா கண்டுபிடித்திருப்பார்கள்? பார்த்தார்கள், அளந்தார்கள், வாக்கியமாகக் கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் கட்டியதை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். என் வருத்தம் அதுதான்.

விடாதவரும் ஒருவர் இருந்தார், அதுவும் நம்ம ஊரில். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பம். நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1868 முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க வனபர்த்தி வரை போனார். 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, அது என்ன என்று சாதாரண ஜனங்களுக்குப் புரிய வைக்கப் பல மொழிகளில் எழுதினார். கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். சாஸ்திரம் தெரியாதவர் சொன்னதில்லை அது.

கடல்காத்து | பிப்ரவரி 19, இரவு 7.50

காசிமேட்டில் இருந்து. எனக்கு ராசி எதுவும் தெரியாது, வீட்டுக்காரிக்குத் தெரியும். எங்களுக்கு வேண்டியது அமாவாசை, பௌர்ணமி, நீவாடு (கடல் நீரோட்டம்), காத்து. பௌர்ணமி வெளிச்சத்தில் வலை மீனுக்குத் தெரிந்துவிடும், படுவது குறைவு. அது ஜோசியமில்லை, டீசல் கணக்கு.

விடிவெள்ளியை மட்டும் விடமாட்டோம். ஆனால் இப்போது விடிவெள்ளி கிடையாது. ஜனவரியில் சூரியனுக்குப் பின்பக்கம் போய், இப்போது சாயங்காலம் மேற்கே எட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறது. ஐப்பசி வரைக்கும் விடியலில் அதைத் தேடாதீர்கள். எங்க அப்பா சொல்வார், எட்டு வருஷம் கழித்து அதே தேதிக்கு அதே இடத்தில் வந்து நிற்கும் என்று. பார்த்திருக்கிறேன், நிற்கிறது.

மொட்டைமாடி | பிப்ரவரி 19, இரவு 8.30

கடல்காத்து அண்ணே, உங்க அப்பா சொன்னது கச்சிதம். வெள்ளி ஒரு சுற்று முடித்து மறுபடி அதே மாதிரி தெரிய சுமார் 584 நாள். ஐந்து சுற்று சேர்ந்தால் எட்டு வருஷம், ரெண்டு நாள் முன்னே பின்னே.

கல்மண்டபம் | பிப்ரவரி 20, காலை 10.15

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். மார்ச் 3 மாசி பௌர்ணமி அன்று சந்திர கிரகணமாம். என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. மாமியார் இப்போதே ஆரம்பித்துவிட்டார், மதியத்தில் இருந்து வெளியே வரக்கூடாது, கத்தி தொடக்கூடாது, காய் நறுக்கக்கூடாது என்று. பொண்ணு ஒரு பக்கம் கத்துகிறாள். சிம்ம ராசியில் கிரகணம் என்று வேறு சொல்கிறார்கள், அவளுக்கு சிம்மம், பூரம். நான் நடுவில் என்ன செய்ய?

மொட்டைமாடி | பிப்ரவரி 20, காலை 11.00

அம்மா, நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பூமியின் நிழல் சந்திரனை முழுசாக மூடுவது மாலை 4.34 முதல் 5.32 வரை. அப்போது சென்னையில் நிலாவே உதித்திருக்காது. நமக்குக் கடலில் இருந்து நிலா எழுவது 6.15 வாக்கில். அப்போது பாதிக்கும் குறைவாகத்தான் நிழல் மிச்சம் இருக்கும். 6.47-க்கு அதுவும் விலகிவிடும். நமக்குக் கிடைப்பதே அரை மணி நேரம். மகள் சாப்பிட வேண்டிய வேளைக்குச் சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மாத்திரை இருந்தால் போட வேண்டும். கிரகணத்தில் நடப்பது நிழல் விழுவது மட்டும்தான், அதிலிருந்து கதிர் எதுவும் வருவதில்லை. சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. சூரிய கிரகணத்துக்குத்தான் கண்ணாடி வேண்டும்.

உலக்கையைத் தாம்பாளத்தில் நிற்க வைத்துக் காட்டுவார்கள். தாராளமாக நிறுத்துங்கள், நாளைக்கும் நிற்கும்.

வாக்கியமே வாக்கு | பிப்ரவரி 20, பகல் 12.10

கல்மண்டபம் அம்மா, கர்ப்பிணி, குழந்தை, நோயாளி இவர்களுக்குக் கிரகண உபவாசம் சாஸ்திரத்திலேயே தள்ளுபடி. மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பெண்ணை மதியம் நன்றாகச் சாப்பிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் அரை மணி நேரம் உள்ளே இருந்துவிட்டுப் போகட்டும், பெரியவங்க மனசும் குளிரும். பூரத்துக்கு ஒரு அர்ச்சனை போதும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் | பிப்ரவரி 20, மாலை 6.40

கிரகணம், பெயர்ச்சி எல்லாம் சும்மா என்று சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம். தனுசில் சூரியன், சந்திரன், புதன், குரு, சனி, கேது என்று ஆறு கிரகம். அடுத்த மூன்று மாதத்தில் ஊரடங்கு. உலகமே வீட்டுக்குள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய பேப்பர் | பிப்ரவரி 20, இரவு 9.00

தம்பி, 1962 பிப்ரவரிக்கு வாருங்கள். 3-ம் தேதியிலிருந்து 5-ம் தேதி வரை மகரத்தில் எட்டு கிரகம், கூடவே 5-ம் தேதி சூரிய கிரகணம். ஆறுக்கே ஊரடங்கு என்றால் எட்டுக்கு என்ன ஆகியிருக்க வேண்டும்? உலகம் அழியும் என்று நாடு முழுக்க யாகம் வளர்த்தார்கள், டின் டின்னாக நெய் எரிந்தது. 6-ம் தேதி எல்லோரும் வேலைக்குப் போனார்கள்.

போன வருஷம் மார்ச் 29-லும் மீனத்தில் ஆறு கிரகம். சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், சனி, ராகு. அன்றைக்கும் கிரகணம். 2019-ன் அச்சு. எது நடந்தது?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் | பிப்ரவரி 20, இரவு 9.25

1962 அக்டோபரில் சீனா படையெடுத்து வந்ததை மறந்துவிட்டீர்கள்.

பழைய பேப்பர் | பிப்ரவரி 20, இரவு 9.40

எட்டு மாதம் கழித்தா? அவ்வளவு தவணை கொடுத்தால் எந்தக் கிரகத்துக்கும் ஏதாவது ஒன்று மாட்டும். நடந்ததற்குப் பிறகு தேடினால் கிடைக்கும். கிரகத்தைப் பார்த்துவிட்டு, இந்த மாதம், இந்த ஊரில், இது நடக்கும் என்று முன்கூட்டி எழுதி வைத்தது ஒன்றைக் காட்டுங்கள். 1962-ல் அப்படி எழுதினார்கள், பொய்த்தது. அதனால்தான் இப்போதெல்லாம் 'உலக அரங்கில் மாற்றங்கள்' என்று வழவழவென்று எழுதுகிறார்கள்.

வாக்கியமே வாக்கு | பிப்ரவரி 20, இரவு 10.30

இதில் நான் பழைய பேப்பர் பக்கம். நாட்டு நடப்பை ஆறு கிரகம், எட்டு கிரகம் என்று எண்ணிச் சொல்வது வியாபாரம்.

ஆனால் கிரகங்களின் சுற்றில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதை மனுஷ வாழ்க்கையோடு நம் முன்னோர் கோத்தார்கள். குரு ஒரு சுற்றுக்கு 12 வருஷம், சனி 30. ரெண்டும் சேர்ந்து பழைய இடத்துக்கு வர 60. பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷம் வைத்ததும், அறுபது முடிந்தால் திருக்கடையூரில் மறுபடி தாலி கட்டுவதும் அந்தக் கணக்குதான். அறுபது வயசு நிறைந்ததை ஊர் கூடிக் கொண்டாட வானத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறதே, அதில் என்ன மூடநம்பிக்கை?

மொட்டைமாடி | பிப்ரவரி 20, இரவு 11.10

ஐயா, அந்தக் கடிகாரத்தை நானும் கொண்டாடுகிறேன். 2020 டிசம்பர் 21-ல் குருவும் சனியும் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்கு வந்தபோது மாடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். 1623-க்குப் பிறகு அவ்வளவு நெருக்கம் அதுதான். ஒரே பார்வையில் சனியின் வளையமும் குருவின் துணைக்கோள்களும். அடுத்த சந்திப்பு 2040-ல்.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. கடிகாரம் என்று சொன்னால் மணி சரியாகக் காட்ட வேண்டும். ஒரு வருஷம் தள்ளிக் காட்டுகிற முள்ளை வைத்துக்கொண்டு, 6-ம் தேதிக்கு முன்னாடி பணம் கட்டு என்று ஒரு குடும்பத்தை விரட்டக்கூடாது.

கல்மண்டபம் | பிப்ரவரி 21, காலை 7.30

வக்கிரம் வக்கிரம் என்கிறார்களே, கிரகம் நிஜமாகவே பின்னாடி போகுமா? குரு இப்போது வக்கிரம் என்று காலண்டரில் போட்டிருக்கிறது.

மொட்டைமாடி | பிப்ரவரி 21, காலை 8.00

போகாது அம்மா. பேசின் பிரிட்ஜ் பக்கம் உங்கள் யூனிட் ரயில் பக்கத்துத் தடத்து கூட்ஸை முந்தும்போது கூட்ஸ் பின்னால் நகர்வது மாதிரி தெரியும் இல்லையா, அதேதான். பூமி உள் தடத்தில் வேகமாகப் போய் குருவை முந்துகிறது. மார்ச் 10, 11 வாக்கில் வக்கிரம் நிவர்த்தி. இன்று ராத்திரி எட்டரை மணிக்கு அண்ணாந்து பாருங்கள், உச்சியில் பளீரென்று இருப்பது குருதான். பக்கத்தில் ஜோடியாக ரெண்டு நட்சத்திரம், அதுதான் புனர்பூசம்.

கொருக்குப்பேட்டை கேட் | பிப்ரவரி 21, இரவு 9.10

எல்லாவற்றையும் படித்து அம்மாவுக்கும் காட்டினேன். அம்மாவுக்குப் பிடித்தது வாக்கியம் ஐயா சொன்ன 'பொங்கு சனி'. தம்பிக்குப் பிடித்தது அவன் ஏழரையில் ஏற்கெனவே பதினோரு மாதம் ஓட்டிவிட்டான் என்பது. அந்தப் பதினோரு மாதத்தில்தான் கடைக்கு வேண்டிய பணமே சேர்ந்தது என்கிறான்.

எம்.சி. ரோடு அண்ணன் கேட்டதை இன்று போய்க் கேட்டோம். மீட்டர் பொது. யூனிட்டுக்கு ஓனர் சொல்கிற ரேட். அக்ரிமென்ட் பதினோரு மாதம், அட்வான்ஸ் பத்து மாத வாடகை.

எம்.சி. ரோடு மொத்த வியாபாரம் | பிப்ரவரி 21, இரவு 9.35

இப்போது வந்தீர்களே வழிக்கு! தனி மீட்டர் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். சப் மீட்டராவது போட்டுத் தரச் சொல்லுங்கள். பதினோரு மாதம் முடிந்ததும் வாடகை எவ்வளவு ஏறும் என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். 6-க்கு முன்னா பின்னா என்று நீங்கள் அவசரப்படுவது ஓனருக்குத் தெரிந்தால் ஒரு ரூபாய் இறங்க மாட்டார். ஜோசியர் தேதியை அவரிடம் மூச்சுவிடாதீர்கள்.

வாக்கியமே வாக்கு | பிப்ரவரி 22, காலை 6.50

கடைக்காரத் தம்பி சொல்வது போல் பொறுமையாகவே பேசுங்கள். ஏழரையில் கடை போடக்கூடாது என்று எந்த நூலிலும் இல்லை. 6-ம் தேதிக்குள் கட்டினால்தான் ஆச்சு என்றும் இல்லை. கையெழுத்துப் போடும் நாளுக்கு நல்ல ஓரை நான் பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். சனிக்கிழமை எள் தீபம் ஏற்றினால் அம்மாவுக்கு நிம்மதி.

மொட்டைமாடி | பிப்ரவரி 22, காலை 9.00

பெயர்ச்சி அன்றைக்கு சனியை நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு. மார்ச் 6-ல் சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் தேடுவது கஷ்டம். 7, 8 தேதிகளில் சூரியன் மறைந்து அரை மணி கழித்து மேற்கே தாழ்வாக வெள்ளியைப் பிடியுங்கள், சனி அதை ஒட்டி, சுமார் ஒரு டிகிரியில், மங்கலாக இருக்கும். பைனாகுலர் இருந்தால் நல்லது. மணலி பக்கத்து வெளிச்சம் கொஞ்சம் இடைஞ்சல்.

மார்ச் 3 கிரகணத்துக்கு நான் திருவொற்றியூர் கடற்கரைப் பக்கம் வருகிறேன், தொலைநோக்கியோடு.

கடல்காத்து | பிப்ரவரி 22, காலை 11.20

கல் கொட்டின கரையில் நிற்காதீர்கள் தம்பி, சாயங்காலம் ஓதம் ஏறினால் கல் வழுக்கும். கொஞ்சம் மணல் இருக்கிற இடமாகக் காட்டுகிறேன். ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள்.

கல்மண்டபம் | பிப்ரவரி 22, பகல் 1.05

வாக்கியம் ஐயா, மாமியார் உங்கள் பேச்சைக் கேட்டு ஒத்துக்கொண்டார். கிரகணம் விட்டதும் தலைக்குக் குளித்துவிட்டுச் சமைக்க வேண்டும் என்கிறார். 6.47 என்று மொட்டைமாடி தம்பி சொன்னாரே, உங்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தில் எத்தனை மணிக்கு விடுகிறது?

வாக்கியமே வாக்கு | பிப்ரவரி 22, பகல் 1.30

அதே 6.47-தான் அம்மா. கிரகணத்துக்கு மட்டும் எங்கள் வீட்டிலும் திருக்கணிதம்தான். நிலா ஊருக்கே தெரியுமே.

மொட்டைமாடி | பிப்ரவரி 22, பகல் 1.31

ஐயா!!!